தட்டில் இருப்பது மட்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்துப் பாயில் சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் பதினொரு பேர். வீட்டுக்கார அக்கா அங்கயற்கண்ணி. முதல் வீட்டுத் தமயந்தி, அவள் புருஷன் கதிரேசன், அவர்கள் பையன் மகிழன், வயது மூன்று. இரண்டாம் வீட்டு ஜெசிந்தா, அவளுடைய இரட்டைப் பெண்கள் ரூபி, ரீட்டா, வயது நான்கு. மூன்றாம் வீட்டு ஷர்மிளா பானு, அவள் புருஷன் யூசுப், அவர்கள் பையன் அஃப்ரித், இரண்டு வயதுக்கு மூன்று மாதம் குறைவு. பிறகு நான். ஜெசிந்தாவின் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஆனால் அவள் அதை அப்போது யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதனால் நானும் சேர்க்கவில்லை. பூனை வந்து வந்து போனது. அதை எந்தக் கணக்கிலும் வைக்க முடியாது.

உட்காருங்கள் தம்பி. மாடி வீட்டுச் சாவி அக்காவின் முந்தானையில் முடிந்திருக்கிறது. அக்கா கோயிலில் இருக்கிறார். வந்துவிடுவார். பாப்பாவைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தட்டில் பதினைந்து கொழுக்கட்டை வைத்திருக்கிறேன். சாயங்காலத்துக்குச் செய்தது, முதல் ஈடு. காரம் கிடையாது. பாப்பா கையை நீட்டினால் விட்டுவிடுங்கள், நீங்கள் ஊட்ட வேண்டாம்.

சரியாகச் சாப்பிட மாட்டாளா? சரி. இங்கே வருகிற எல்லாரும் முதல் நாள் அதைத்தான் சொல்வார்கள்.

இந்தக் காம்பவுண்டு பிள்ளைக்காரர்களுக்குத் தோதுப்படுமா என்று கேட்டீர்கள். எனக்கு அதிகம் பேச வராது. ஆனால் கேட்ட பிறகு சொல்லாமல் இருப்பது சரியில்லை. நீங்கள் குடிவந்த பிறகு யாராவது உங்களிடம், அந்தத் தொட்டியடி ரூம் குருநாதன் இருக்கிறாரே, அவர் எண்ணுகிற ஆள் என்று சொல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் என் வாயால் கேட்டுவிடுங்கள். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு யார் மேலும் குறை கிடையாது.

நான் தேங்காய் மண்டியில் காய் எண்ணுகிற வேலை பார்த்தவன். லாரியிலிருந்து இறக்கிய காயை ஒரு வீச்சுக்கு இரண்டாக எடுத்துப் போட வேண்டும். கை போடும், வாய் எண்ணும். முதல் வீச்சுக்கு ஒன்று என்று சொல்லக் கூடாது. லாபம் என்று சொல்ல வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். சத்தமாகச் சொல்ல வேண்டும், வாங்குகிறவன், விற்கிறவன் இருவர் காதிலும் விழ வேண்டும். பேச்சில் எனக்குக் குரல் எழும்பாது. எண்ணும்போது மட்டும் தெரு முனைக்குக் கேட்கும். முதலாளி சொல்வார், "குருநாதனுக்குக் கல்யாணம் பேசணும்னா பொண்ணு வீட்டுக்கு ஒரு லோடு காய் அனுப்பணும்பா, அப்பத்தான் மாப்பிள்ளை வாயைத் திறப்பான்" என்று.

கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு இடம் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை ஏதாவது கேக்கணுமா, கூச்சப்படாமக் கேளுங்க" என்றார். நாங்கள் ஏழு பேர், பஜ்ஜி பதின்மூன்று, ஒருத்தருக்கு ஒன்று குறைகிறது என்றேன். அவர் பெண்ணைப் பற்றிக் கேட்கச் சொன்னாராம். அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

அது போகட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தமயந்தி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஜெசிந்தா ஜெராக்ஸ் கடையில். பானு வீட்டில் தையல். ஆறு நாளும் ஓட்டம். ஏழாவது நாளும் பிள்ளைகளுக்கு ஊட்டுவதற்குள் உயிர் போகிறது என்று மூன்று பேரும் குழாயடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது தமயந்திதான் சொன்னாள். "தனியா உக்கார வச்சாத்தானே அடம். எல்லாத்தையும் ஒரே பாயில உக்கார வைப்போம். ஆளுக்கு ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. அரை மணி நேரத்துக்கு மேல அடுப்புல நிக்கிற ஐட்டம் வேண்டாம். மிளகாய் வேண்டாம். பிள்ளை தன் கையால எடுத்துத் தின்னணும்."

இவ்வளவுதான் சட்டம். தமயந்தி பாசிப்பருப்புச் சாதம் குழைய வைத்து நெய் விடுவாள். ஜெசிந்தா கேரட் துருவிப் போட்டு உள்ளங்கை அகலத் தோசை. பானு உருளைக்கிழங்கை மசித்து வெண்ணெய் போட்டுக் கொண்டுவருவாள். அக்காவிடமிருந்து தயிர்சாதம். என்னை முதலில் யாரும் கேட்கவில்லை. தேங்காய் நல்லதாக வாங்கித் தரச் சொன்னார்கள். பிறகு உடைத்துத் தரச் சொன்னார்கள். பிறகு துருவித் தரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நானே செய்துவிடுவது சுலபம் என்று தோன்றியது.

மணிக்கொழுக்கட்டை. நீங்கள் தின்று பார்க்கலாம், ஆனால் பாப்பா தட்டிலிருந்து எடுக்காதீர்கள், உங்களுக்கு வேறு தருகிறேன். அரிசி மாவை வெறும் சட்டியில் சூடு ஏற வறுத்து, உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் போட்ட கொதிதண்ணீரை ஊற்றிப் பிசைய வேண்டும். சுண்டைக்காய் அளவு உருட்டிக் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். உருண்டையாக விட்டால் சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் நிற்கும். ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப் பூவும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் போட்டுப் புரட்டினால் முடிந்தது. அன்றைக்கு நூற்று அறுபது செய்தேன். பிள்ளைக்கு முப்பது என்று நான்கு பிள்ளைக்கு நூற்று இருபது, மீதி பெரியவர்களுக்கு. கதிரேசன் ஒருவனே இருபது தின்பான். அவன் பெரியவன், அதனால் சொல்லலாம்.

மகிழனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலும்பும் தோலுமான பையன். தமயந்தி கிண்ணத்தோடு அவன் பின்னால் ஓடாத நாள் கிடையாது. பல்லியைக் காட்டுவாள், பஸ்ஸைக் காட்டுவாள், ஒருநாள் வேறு எதுவும் கிடைக்காமல் என்னைக் காட்டினாள். "அந்தா பாரு தாத்தா, ஆ சொல்லு." நான் என்ன செய்வது, நின்றேன். அங்கன்வாடியில் எடை பார்க்கிற தராசு முள் நகரவில்லை என்று அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். ராத்திரி அவளும் சாப்பிடுவதில்லை என்று கதிரேசன் சொன்னான்.

அன்றைக்கு மகிழன் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தட்டிலிருந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்தான், முன்னும் பின்னும் பார்த்தான், வாயில் போட்டான்.

"லாபம்" என்றேன்.

நானாகச் சொல்லவில்லை தம்பி. வாய் சொன்னது. பையன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இன்னொன்றை எடுத்தான். ரெண்டு என்றேன். சிரித்தான். அதற்குப் பிறகு அவனும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. பன்னிரண்டு வரும்போது முற்றத்தில் பேச்சு நின்றுவிட்டது. பானு கையில் கரண்டி அப்படியே நிற்கிறது. தமயந்தி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். நிறுத்தச் சொல்லவும் இல்லை, நிறுத்த வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பிள்ளை தின்கிறான், ஆனால் ஒருத்தன் எண்ணுகிறான். அவள் என்ன செய்வாள்?

இருபத்தேழில் அக்கா எழுந்துவிட்டார். "ஏப்பா குருநாதா, புள்ள திங்கிறதையா எண்ணுற? அதுவும் ஊருக்கே கேக்குற மாதிரி?"

"எண்ணலக்கா" என்றேன்.

"பின்ன என்ன, ஏலமா விடுற?"

இருபத்தேழோடு நின்றது. முப்பது வந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் அந்த மூன்று உறுத்துகிறது.

பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள் தம்பி, அந்தச் சின்னச் செம்பில் இருக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீர்தான்.

மறுநாள் காலையில் மகிழனுக்கு வாந்தி, உடம்பு காய்கிறது. காம்பவுண்டு முழுக்கச் சேதி போய்விட்டது, குருநாதன் கண் பட்டுவிட்டது என்று. எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன கண். அது அவ்வளவு தூரம் பாயும் என்று எனக்கே தெரியாது.

உண்மையில் நடந்தது என்ன தெரியுமா? பையன் தின்ற சந்தோஷத்தில் கதிரேசன் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் திராட்சைக் கலர் வாங்கிக் கொடுத்தான். அதில் முக்கால் பாட்டிலைப் பையன் குடித்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆனால் எப்படிச் சொல்வது? முக்கால் பாட்டில் என்று சொன்னால், குடித்ததையும் அளந்தானா பாவி என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா சுற்றிப்போட வந்தார். கல்லுப்பு, வரமிளகாய், கண் வைத்தவன் காலடி மண். அங்கேதான் சிக்கல். முற்றம் பூராவும் சிமென்ட். எங்கே போவது மண்ணுக்கு? அக்கா என் ரூம் வாசலில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். நேராகக் கேட்கவும் கூச்சம். நான்தான் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். "இடது செருப்புல கொஞ்சம் ஒட்டியிருக்குக்கா." கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டார். மழை இல்லாத மாதம். கொஞ்சம்தான் தேறியது.

பையனைச் சுற்றி நெருப்பில் போட்டார்கள். கடுமையான கண்ணாக இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள் இல்லையா? நெடியே வரவில்லை என்று அக்கா சொன்னார். என் ரூமுக்குள் வந்தது தம்பி. நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு இருமினேன். போட்டது ஏழு மிளகாய். அதையும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதிரேசன் வந்தான். நல்ல பையன். வாசலிலேயே நின்றான். "மாமா, உங்களுக்கு எதுக்குச் சிரமம், கீழ உக்காந்தா முட்டி வலிக்கும்ல?"

"வலிக்காதுப்பா."

"இல்ல மாமா, வலிக்கும்."

அவன் சொன்ன விதத்தில் எனக்கு வலித்துவிட்டது. பேசி முடித்த ஏற்பாடு இதுதான். கொழுக்கட்டை செய்து அனுப்பலாம். நான் ரூமுக்குள் இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ரேடியோ இருக்கிறது. பாயில் உட்கார்ந்தால் அஃப்ரித் என் வேட்டியில்தான் கை துடைப்பான். அதுவும் மிச்சம். வேட்டி மூன்று வாரம் சுத்தமாக இருந்தது. பார்க்க நன்றாகவே இல்லை.

கதவுக்குப் பின்னால் காது கொடுத்து ஒன்றும் கேட்கவில்லை நான். தானாக விழுந்தது. மகிழன் வாயைத் திறக்கவில்லை. தமயந்தி கெஞ்சுகிறாள். "ஒண்ணே ஒண்ணு கண்ணு." பையன், "லாபம் சொல்லு" என்கிறான். இவள் மெதுவாக, "ஒண்ணு" என்கிறாள். அவன், "ஒண்ணு இல்ல, லாபம்" என்று அழுகிறான். கதிரேசன் சொல்லிப் பார்த்தான். யூசுப் சொல்லிப் பார்த்தான். யூசுப் குரல் நல்ல குரல்தான், ஆனால் மண்டிக் குரல் இல்லை. ரூபியும் ரீட்டாவும் சேர்ந்து கத்திப் பார்த்தார்கள். பையன் எழுந்து வந்து என் கதவைத் தட்டினான். நான் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பதுதானே ஏற்பாடு.

அவனுக்கென்று தனிக் கிண்ணத்தில் இருபது போட்டு அனுப்புவேன். முதல் வாரம் இருபதும் திரும்பி வந்தது. இரண்டாம் வாரமும் இருபது. மூன்றாம் வாரம் பத்தொன்பது வந்தது. எனக்குச் சந்தோஷம். பிறகு யூசுப் சொன்னான், அந்த ஒன்றைப் பூனை தின்றதாம்.

அந்தக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை தின்றதை நான் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்தேன். ஆனால் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

நான்காவது ஞாயிறு. கொழுக்கட்டைப் பாத்திரத்தை நானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, புள்ள திங்கிறதை எண்ண மாட்டேன். சத்தியம். கிண்ணத்துல இருக்கிறதை எண்ணலாமா? அது நான் உருட்டினது."

இந்தக் காம்பவுண்டில் இந்த மாதிரி விஷயத்துக்கு அக்காதான் கோர்ட்டு. "கிண்ணத்துக்குக் கண்ணு படுமா?" என்று பானுவைக் கேட்டார்.

"எவர்சில்வர் கிண்ணம்தானே அம்மா" என்றாள் பானு.

"பட்டாலும் விளக்கிக்கலாம்" என்றாள் ஜெசிந்தா.

அக்கா தமயந்தியைப் பார்த்தார். தமயந்தி என்னைப் பார்த்துச் சொன்னாள், "எண்ணுங்க மாமா." அவ்வளவுதான் சொன்னாள். நாள் முழுக்க மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள், அவளுக்குத் தெரியாதா.

உட்கார்ந்தேன். முட்டி வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை. மகிழன் முன்னால் கிண்ணத்தை வைத்து, "இருபது" என்றேன். பையன், "லாபம் சொல்லு" என்றான். "லாபம் கடைசியில வரும்டா" என்றேன். அவன் கிண்ணத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒன்றை எடுத்தான். "பத்தொன்பது" என்றேன்.

தம்பி, நான் என் பிறவியில் கீழ்நோக்கி எண்ணியதில்லை. மண்டியில் அப்படி எண்ணினால் அடி விழும். பதினாறுக்கும் பதினைந்துக்கும் நடுவில் தடுமாறிவிட்டேன். கதிரேசன் எடுத்துக்கொடுத்தான். பத்து வந்தது. ஏழு வந்தது. ரூபி தன் தட்டை விட்டுவிட்டு இங்கே வந்து குந்திக்கொண்டாள். நான்கு. மூன்று. இரண்டு. பையன் இரண்டில் நிறுத்தி, என் வாயையே பார்த்துக்கொண்டு, ஒன்றை எடுத்து மென்றான். கிண்ணத்தில் ஒன்று இருந்தது.

"லாபம்" என்றேன். தெரு முனைக்குக் கேட்டிருக்கும்.

அந்தக் கடைசி ஒன்றை எடுத்து அவன் என் வாயில் திணித்தான். உப்பு ஒரு கல் குறைவு. தமயந்தி குழாயடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். பிறகு வந்து அந்த மூன்று வாரத்துக்கும் சேர்த்துத் தின்றாள். அவள் தின்றதை நான் எண்ணவில்லை. அவள் பெரியவள்தான், ஆனாலும் எண்ணவில்லை.

மறுநாள் காலையில் எல்லா ஜன்னலிலும் ஒரு முகம். ஏழு மணிக்கு மகிழன் பூனையைத் துரத்திக்கொண்டு வெளியே வந்தான். அக்கா சொன்னார், "காய்ச்சல் வந்தா கிண்ணத்துக்குத்தான் வரணும்."

இப்போது இந்தக் காம்பவுண்டில் எல்லாருக்கும் கழித்தல் வந்துவிட்டது. பிள்ளை எத்தனை தின்றான் என்று யாரும் கேட்பதில்லை. "கிண்ணத்துல எத்தனை மாமா?" என்று தமயந்தி துணி பிழிந்துகொண்டே, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்பாள். நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொல்வேன். அவள் விரல் மட்டும் ஈரத் துணிக்குள் மடங்கும். போன மாதம் அங்கன்வாடிக்குப் போனாள். தராசு என்ன சொன்னது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கேசரி வந்தது. ஜெசிந்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பாயில் பன்னிரண்டு ஆகிவிட்டது. நான் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

நீங்கள் மூன்று பேரா? வீட்டில் அம்மாவும் வருவாரா? கேட்டது தப்பில்லையே. மாவு ஊற வைக்க வேண்டாம், ஆனால் தேங்காய் முன்கூட்டியே பார்த்து வாங்க வேண்டும். பாப்பாவுக்குக் கடைவாய்ப்பல் வந்துவிட்டதா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம், பார்த்துவிட்டேன்.

அதோ, அக்கா வருகிறார். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்பார், இந்த ஆள் ஏதாவது எண்ணினானா என்று. இல்லை என்று சொல்லுங்கள். அது உண்மை. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். பாப்பாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பிட மாட்டாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் பாப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. பதினைந்து வைத்த தட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான்கு இருக்கிறது.